கோடு மட்டும் காட்டினால்

சாமி,

உன்னை பெங்களூரு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, உலை வைத்துவிட்டு உட்கார்ந்தவள் இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கை இது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் சோறு குழைந்துவிடும். குழையட்டும், சாப்பிட நான் ஒருத்திதானே. பஸ் கிளம்பும் நேரம் பார்த்து ஜன்னலில் தலையை நீட்டி, "வேலைய உட்டரலாம்னு இருக்கறேம்மா" என்று சொன்னாய். அப்பா காரியம் முடிந்து இத்தனை நாள் வீட்டிலேயே இருந்தாய், அப்போதெல்லாம் வாய் வரவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் வந்தது. நானாவது ஒழுங்காகப் பதில் சொன்னேனா? "உட்டுட்டு வந்து நம்ம கடையில தட்டுக் கழுவு. கூலி ரெண்டு வேளை இட்லி" என்றேன். கண்டக்டர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. பஸ் வளைவில் திரும்புகிறவரை சிரித்த முகத்தோடுதான் நின்றேன். திரும்பிய பிறகு அந்த முகத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொன்னதற்கு அந்தக் கிண்டல் பதில் ஆகாது. பதில் இதுதான். உன் ஆபீஸ் பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும். "ஏஜென்ட் அம்மா எப்படி இருக்காங்க?" என்று போனில் விசாரிக்கிற பிள்ளைகள்தானே. அவர்களும் உன்னைப் போல எதையோ எழுதிக்கொண்டு, எதற்கோ பயந்துகொண்டுதான் இருப்பார்கள்.

நான் ஏஜென்ட் ஆன கதையை அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீ வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்கள். காலை இட்லி வியாபாரம் முடிந்து, லாரி பாடி கட்டும் பட்டறையில் சம்மட்டிச் சத்தம் ஆரம்பிக்கும்போது, நான் முன்வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தியா முழுக்க லாரி ஓட்டிய மனுசன், வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். நீ கட்டிலில் லேப்டாப்போடு இருப்பாய். உன் வேலை என்னவென்று அவர்தான் கேட்டார். கம்ப்யூட்டருக்குள் ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று இருக்கிறது, சனங்கள் பணம் கட்டுகிற எங்கள் புரோகிராம் கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று அதுவே தேடும், தேடுவதற்கு அதன் கையில் சில கருவிகளைக் கொடுத்திருக்கிறோம், ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம் என்று நாலு வரி எழுதி வைப்பது என் வேலை என்றாய். "நாலு வரி எழுதறதுக்கு ஒரு ஆளா?" என்றார் அப்பா. "அந்த நாலு வரிய உட்டா அதுக்கு வேற ஒண்ணுமே தெரியாதுங்கப்பா. கருவிய அது பாத்ததே இல்ல" என்றாய்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாய். "அம்மா, நீதான் இப்ப ஏஜென்ட்டு. உனக்குக் கண்ணு இல்ல, காது இல்ல. நான் படிக்கறது மட்டுந்தான் தெரியும்."

"வாயாவது இருக்குதா?"

"அது வேணுங்கறதுக்கு மேலயே இருக்கும்."

அப்பா இருமிக்கொண்டே சிரித்தார். நீ முதலில் படித்த கருவி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, அந்த நிமிடம் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் கருவி. அவ்வளவுதான் எழுதியிருந்தாய். நான் வெங்காயத்தை வைத்துவிட்டு, "சரி, நிறுத்திப்போட்டேன்" என்றேன்.

"எதை?"

"சனங்க பணம் கட்டிட்டு இருக்கறாங்களே, அதைத்தான்."

"ஐயோ அம்மா! அது நெசமா ஓடிட்டு இருக்கறது! சோதனைக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கோம், அதைத்தான் நிறுத்தணும்!"

"நீ எழுதுலியே சாமி. நான் கண்ணு தெரியாதவ, கையில குடுத்ததைப் போட்டு அழுத்திப்போட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டு எழுதினாய். சோதனைக்கு ஓடுவதில் மட்டும் பயன்படுத்து, மக்கள் பயன்படுத்திக்கொண்டிருப்பதில் பயன்படுத்தாதே, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் லாக் தேடும் கருவியை எடு. லாக் என்றால் புரோகிராம் தான் செய்வதையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொண்டே போவது என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். அன்றிலிருந்து வெங்காயம் உரிக்கும் நேரம் அந்த விளையாட்டு நேரம் ஆனது. நான் குதர்க்கம் பண்ணுவேன், நீ ஒரு வரி சேர்ப்பாய். சில நாள் ஒரு வரி எடுப்பாய். நான் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை, எனக்குக் குசும்பு உண்டு, அவ்வளவுதான். சொல்லாததைத் தானாகப் புரிந்துகொள்ளாமல் அடம்பிடிக்கிற குசும்பு. அது உனக்குத் தேவைப்பட்டது.

அப்புறம் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தாய். நிசமான ஏஜென்ட் நிசமாகவே சொதப்பிவிட்டது. எங்கேயோ பிழை என்று ஆட்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்ட் உன் லாக் தேடும் கருவியை எடுத்துத் தேடியிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதி வேலையை மூடிவிட்டது. லாக் அந்தக் கருவிக்கு வந்து சேரவே கொஞ்ச நேரம் ஆகுமாம். அது உனக்குத் தெரியும், உன் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே யாரும் எழுதவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்: "வெறுமையா வந்தா ரெண்டு அர்த்தம்மா. நெசமா ஒண்ணும் இல்லைன்னும் இருக்கலாம், கருவிக்குத் தெரியலைன்னும் இருக்கலாம். அதை நான் சொல்லி இருக்கணும்."

அப்பாவுக்கு இதில் ஒரே குஷி. "எங்க வண்டீல டீசல் மீட்டரு முள்ளு எந்நேரமும் கீழதாண்டா படுத்துக் கெடக்கும். அதுக்காக டீசல் இல்லீன்னு எறங்கி நடந்துட்டமா? டேங்குல குச்சி உட்டுப் பாக்கறதுதான். ஹீட்டு மீட்டரும் அப்பிடித்தான், ஆயில் மீட்டரும் அப்பிடித்தான். முள்ளு ஆடுலீன்னா மீட்டரு செத்துப்போச்சுன்னு அர்த்தம். உங்க ஏஜென்ட்ட எங்கூட ஒரு நடை வண்டியேறச் சொல்லு." நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்பா சொன்னதில் தப்பே இல்லை. அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் எல்லா மீட்டரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. மீட்டர் பேசாமல் இருந்தால் மீட்டரைத்தான் திட்டுவார்கள், வண்டியைச் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தப் பழக்கத்திலேயே இந்த வீடு ஓடியது, நீ வளர்ந்ததும் அதில்தான்.

ஆபீஸில் உன்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போகும் முன் அப்பாவுக்காக அந்த விரல் மெசினை வாங்கி வந்தாய். துணிக் கிளிப் மாதிரி விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் காட்டுவது. எனக்காக ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டினாய். மூச்சு அதிகமாக வாங்கினால் மாட்டவும். நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டவும். மேலே வரும் எண் ஆக்சிஜன், கீழே வரும் எண் நாடித்துடிப்பு. மேலே உள்ள எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும். நான் விடுவேனா? "உங்கப்பன் எந்தக் காலத்துலடா நகப்பூச்சுப் பூசுனாரு?" என்று கேட்டேன். "ஏஜென்ட்டுக்குச் சொல்ற மாதிரியே எழுதிட்டேம்மா" என்றாய். நல்ல காகிதம் சாமி அது. எதை எப்போது எடுப்பது, என்ன வந்தால் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. நாங்கள் அதன்படிதான் நடந்தோம். ஒரு முறை எண் கீழே போய், கொண்டு போய், மருந்து ஏற்றித் திரும்பி வந்தார். அந்த முறை அவரைக் காப்பாற்றியது உன் காகிதம். அதை நீ கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அந்த மத்தியானத்தைப் பற்றி நீ என்னிடம் கேட்கவே இல்லை. நான் சொல்லவும் இல்லை. சொல்கிறேன். காலையிலிருந்து மழை. அப்பாவுக்குக் குளிர். போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். மூச்சு வாங்கியதால் மெசினை மாட்டினேன். எண் வரவில்லை. மேலே இரண்டு கோடு, கீழே இரண்டு கோடு.

"என்ன காட்டுது?" என்றார்.

"கோடு காட்டுதுங்க. வேற ஒண்ணையும் காணோம்."

"மீட்டரு செத்துப்போச்சாட்டம் இருக்குது. பேட்டரிய மாத்திப் பாரு புள்ள."

டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். கோடு. அது பழைய பேட்டரிதானே என்று, குடை பிடித்துக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போனேன். கடையில் மின்சாரம் இல்லை, இருட்டில் துழாவி எடுத்துக் கொடுத்தார்கள். அங்கே பட்டறை ஆள் ஒருவரோடு நின்று ஒரு வார்த்தை பேசினேன், சிரித்தேன்கூட. வந்து புதுசு போட்டேன். அப்போதும் கோடு. "சைனாக்காரன் சரக்கு, உம்மவன் ஏமாந்துட்டான்" என்று அப்பா உன்னைக் கேலி பண்ணினார். பையன் வந்தால் பார்த்துக்கொள்வான் என்று அதை ஜன்னலில் வைத்துவிட்டேன். அவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்தபோதுதான் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் பண்ணினேன். அடுத்து நடந்தது உனக்குத் தெரியும், நீ வந்துவிட்டாய்.

கை ஜில்லிட்டு, விரலுக்கு ரத்தம் சரியாக வராமல் போனால், அந்த மெசினுக்கு நாடி கிடைக்காது, கோடுதான் காட்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்புறம், "முன்னாடியே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவரை நர்ஸ் வந்து கூப்பிட, பாதியில் போய்விட்டார். அந்த மீதி வாக்கியம் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிழைத்திருக்க மாட்டார் என்றா, பிழைத்திருக்கலாம் என்றா? போய்க் கேட்டால் சொல்வார். நான் கேட்கப் போவதில்லை. நீயும் போய்க் கேட்காதே.

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, ஜன்னலில் இருந்த மெசினை எடுத்து நீ உன் விரலில் மாட்டியதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். பளிச்சென்று எண் காட்டியது. மீட்டர் சாகவில்லை. நீ அதைப் பார்த்தாய், சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தாய், வரி வரியாக விரல் வைத்துப் படித்தாய், பிறகு கிழித்துக் கசக்கிப் போட்டாய். அந்த நிமிடமே நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லாக் விஷயத்தில் செய்த அதே தவறை அப்பாவிடமும் செய்துவிட்டேன் என்று நினைத்தாய். வந்து உன் தலையைத் தடவியிருக்க வேண்டும். நான் ரசத்தைக் கிளறிக்கொண்டே நின்றேன்.

கண்ணு, பொய் சொல்லி உன்னைத் தேற்றுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். கோடு வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி அதில் இருந்திருந்தால் நான் படித்திருப்பேன், படித்தபடி செய்திருப்பேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வரி இல்லாத இடத்தில் நாங்கள் எதைப் போட்டு நிரப்பினோம் என்று பார். உன் ஏஜென்ட் வெறுமையைப் பார்த்து, எல்லாம் சரி என்று போட்டுக்கொண்டது. நாங்கள் வெறுமையைப் பார்த்து, மெசின் கெட்டது என்று போட்டுக்கொண்டோம். அதற்கு அதன் பழக்கம், எங்களுக்கு எங்கள் லாரிப் பழக்கம். என் விரலில் ஒரு முறை மாட்டிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். மெசினைத் தூக்கிப் போட்டுவிட்டு மனுசனின் முகத்தைப் பார்த்திருக்கலாம். முப்பது வருஷம் மீட்டரை நம்பாமல் காது கொடுத்து இன்ஜினைக் கேட்டு ஓட்டியவர், தன் நெஞ்சுச் சத்தத்தை அவரே கேட்டிருக்கலாம். மூன்று பேரின் வேலை சாமி இது. மொத்தத்தையும் நீ ஒருத்தனே தலையில் தூக்கிக்கொண்டு போனால், எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வீட்டில் ஒரு பங்கும் இல்லாமல் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு நீ எழுதுவதும் மாறிவிட்டது. போன வாரம் நானே வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எங்க, ஏஜென்ட்டுக்கு எதையாச்சும் படி" என்றேன். படித்தாய். கவனம், கவனம், இப்படி ஆகலாம், அப்படியும் ஆகலாம், இதைச் செய்யும் முன் அதைப் பார், அதைப் பார்க்கும் முன் இன்னொன்றைப் பார். வெங்காயம் பாதி தீர்ந்துவிட்டது, அது எதற்கான கருவி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"ஏன் சாமி, இது கருவியா, இல்ல கரண்டு கம்பத்துல மாட்டற அபாயம் போர்டா?"

"எதையும் உட்டுரக் கூடாதும்மா."

"இத்தனையும் கேட்டா நான் அதைக் கையிலயே எடுக்க மாட்டேன்."

"மேனேஜரும் அதைத்தான் சொல்றாரு. ஏஜென்ட்டு கொழம்பிப் போயி வேற கருவிய எடுத்துக்குதாம்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாய். அது கவனம் இல்லை, பயம் என்று எனக்குப் புரிந்தது. துக்கத்தை எங்கே போட்டு வைப்பதென்று தெரியாமல் நீ அந்தக் கருவிகள் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறாய்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏஜென்டாக இருந்தவள் என்ற உரிமையில். முதல் வரியில் அது என்ன செய்யும் என்று சொல்லிவிடு. அதைக் கேட்டதும் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரிய வேண்டும். இதே மாதிரி இன்னொரு கருவி இருந்தால் எதற்கு எது என்று பிரித்துச் சொல். தொட்டால் எதையாவது கலைத்துவிடும் என்றால் அதை ஒளிக்காமல் முன்னாலேயே சொல். என்ன பதில் வரும், பதில் வராமல் போனால் அதற்கு என்ன அர்த்தம், அப்போது அடுத்து எங்கே போவது என்று சொல். அப்புறம் நிறுத்திக்கொள். உலகத்தில் நடக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி யாரையும் காப்பாற்ற முடியாது. நீ எழுதிய பிறகும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அது தெரிய வரும்போது திரும்பி வந்து எழுத அங்கே ஆள் இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் அந்த ஆள் யார்? கோடு வந்தால் என்ன ஆகும் என்று தெரியாத ஒருத்தர் வந்து உன் நாற்காலியில் உட்காருவார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். குழைந்துதான் விட்டது.

உன்னைப் பார்த்து நானும் ஒன்று எழுதிப் பார்த்தேன். சரியாக இருக்கிறதா என்று பார். இது அம்மா. காலையில் இட்லி சுடும், மற்ற நேரத்தில் கிண்டல் பண்ணும். தினமும் ஒரு முறை போனில் கூப்பிடலாம், பட்டறை இடைவேளையில் மட்டும் வேண்டாம், கடையில் கூட்டமாக இருக்கும். என்ன கேட்டாலும் "நல்லா இருக்கறேன்" என்று பதில் வரும்; அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சிரிப்பு வழக்கத்துக்கு மேல் கேட்டால் "எங்க உக்காந்திருக்கறே?" என்று கேட்கவும். வாசலில் என்றால் சரி. அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் என்றால், போனை வைக்காமல் கொஞ்ச நேரம் கூட இருக்கவும். பேச வேண்டியதில்லை. சத்தமே வரவில்லை என்றால் போன் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் பஸ் ஏறவும்.

இன்னும் ஒன்று. நேற்று நீ துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வீட்டு மரகதம் வந்தாள். "அக்கா, அந்த வெரல் மிசினு சும்மாதானுங்க கெடக்குது? எங்க மாமனாருக்கும் மூச்சுத் தொந்தரவு சாஸ்தியாயிருச்சு. கொஞ்ச நாளைக்குக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். அவள் மாமனாரும் லாரி ஓட்டியவர்தான், அப்பாவோடு ஒன்றாக லோடு ஏற்றியவர். முள் ஆடவில்லை என்றால் அவரும் மீட்டரைத்தான் திட்டுவார். "நாளான்னைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன்.

நீ கசக்கிப் போட்டாயே, அந்தக் காகிதத்தை நான் பெருக்கித் தள்ளவில்லை. நீவி, சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருக்கிறேன். நகப்பூச்சு வரியை அடித்துவிட்டேன், அது யாருக்கும் வேண்டாம். அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. எனக்கும் எழுதத் தெரியும்தான், ஆனால் நான் எழுத மாட்டேன். அது உன் வேலை. கடிதம் வந்து சேர நாளாகும் என்று இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மரகதத்திடம் போனைக் கொடுக்கப் போகிறேன். படித்ததும் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி எனக்கு அனுப்பு. பயந்து பத்து வரி எழுதாதே, பாதியைக் கிழித்துவிடுவேன். அதைக் காகிதத்தில் ஏற்றிய பிறகுதான் மெசினை அவள் கையில் கொடுப்பேன்.

அந்த மாமனாருக்குக் கை சீக்கிரம் ஜில்லிட்டுப் போகிறதாம், சாமி. தாமதம் பண்ணாதே.

அம்மா